வலது மேல் மூலை

இருபத்திரண்டு வருடமாகத் திரையின் வலது மேல் மூலையில் நின்ற சிவப்பு வட்டத்தை எடுத்துவிட்டு, சேனலின் புதிய சின்னத்தை இடது கீழே வைத்த பிறகு, காலியான மூலையில் விரல்நுனி அளவு சாம்பல் கறை ஒன்று தெரிந்தது.

வரைகலைஞர் முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டார். ஒரே படம் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால் அங்குள்ள புள்ளிகள் களைத்துப்போகும். படத்தை எடுத்தாலும் தடம் நிற்கும். புதுத் திரை மாட்டினார். கறை இருந்தது. கேமராக் கண்ணாடியைத் துடைத்தார். இருந்தது. ஸ்டுடியோவுக்குள் போய் வெறும் கண்ணால் பார்த்தார். நீலச் சுவர், ஏசியின் உறுமல், சூடான விளக்குகளில் கருகும் தூசியின் வாசம். வேறொன்றும் இல்லை.

"உங்க டிசைனுக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க," என்றார் மிக்ஸர் மேசைக்காரர். "ஆறு மணி நியூஸுக்குப் பத்தே நிமிஷம். உங்க வீட்டம்மா உக்காந்தாச்சு."

செய்தி வாசிப்பது அவர் மனைவி. திரையில் அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கறைக்கு இப்போது நெற்றி இருந்தது.

பழைய கோப்பைத் திறந்தார். சின்னத்தின் அளவை மாற்றினால் காரணம் எழுதிவைப்பது அங்கே வழக்கம். வட்டம் முதலில் நாற்பது புள்ளி. பிறகு நாற்பத்தைந்து. அறுபது. தொண்ணூறு. மோஸ்தருக்காக என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காரணக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: 'ஓரத்தில் தெரிகிறது.'

ஸ்டுடியோவுக்குள் பேசும் மைக்கை அழுத்தினார். "எந்திரிச்சு வெளிய வா."

"விளையாடாதீங்க. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"சொன்னாக் கேளும்மா."

"வீட்லதான் அதிகாரம்னா இங்கயுமா?" சிரித்தாள்.

திரையில் அவள் தோளில் ஒரு கை இருந்தது.

ஓடினார். ஒளிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் ஸ்டுடியோக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். எரிந்திருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். அவள் மட்டும். தனியாக.

திரும்பி வந்தார். பழைய வட்டத்தைப் போட்டார். தொண்ணூறு. வட்டத்துக்கு வெளியே அதன் தாடை தெரிந்தது. இருநூறு. கழுத்து. நானூறு. விரல்கள், அவள் வாயின் மேல்.

"சார், அம்மா முகமே மறையுதே!" என்று கத்தினார் மிக்ஸர் மேசைக்காரர்.

வணக்கம் என்று ஒலிபெருக்கி சொன்னது. இரண்டு குரல்களில்.

வட்டத்தின் அளவு அறுநூற்று நாற்பது புள்ளி. அந்த அளவில் இருவருமே தெரியவில்லை.