துரை தூங்குகிறார்

சுவர் இரண்டு முறை மூச்சுவிட்டது. கஸ்பார் எழுந்தான்.

செவ்வூரில் விடியல் அப்படித்தான். செவ்வாய்க் கோளின் மண்ணுக்கு அடியில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போனவர்கள் குடியிருந்த ஊர் அது. குழாய்வழி வரும் காற்று சருகாகக் காய்ந்திருக்கும். ஈரம் கிடைக்காவிட்டால் முதலில் உதடு வெடிக்கும். பிறகு குதிகால் பிளந்து நடக்க முடியாமல் போகும். ஆகவே வீட்டுச் சுவர்களில் ஈரவாய்கள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒரு வாய். காலையில் ஒவ்வொரு வாயும் ஒருமுறை பனிமூட்டம்போல ஈரத்தை ஊதிவிட்டு மூடிக்கொள்ளும். வீட்டில் ஓர் உயிர் போனால் வீட்டார் நிர்வாகத்திடம் சொல்லி ஒரு வாயை அடைத்துவிட வேண்டும்.

நாய்க்கும் பூனைக்கும் அங்கே அனுமதி இல்லை. அதிகம் மூச்சு வாங்கும் பிராணிகள். நிர்வாகம் ஒப்புக்கொண்டது பெருநத்தை ஒன்றைத்தான். இரண்டு கையாலும் ஏந்தவேண்டிய அளவு இருக்கும், முட்டைகோஸ் தழை தின்னும், குரைக்காது. ஈரமில்லாமல் வாழாது என்பதால் அதற்கும் ஒரு வாய் ஒதுக்கினார்கள். சில மாதங்களில் நத்தை இல்லாத வீடே செவ்வூரில் இல்லை என்றாயிற்று.

நத்தைக்கென்று ஒதுக்கிய ஈரவாயில் ஒரு குழாயைச் செருகி, அந்த ஈரத்தை மக்கள் தங்கள் கட்டிலுக்கு இழுத்துக்கொண்டார்கள். காய்ந்துபோன நத்தை, அதன் இயல்புப்படி, ஓட்டுக்குள் சுருங்கி வாசலை வெள்ளைப் படலத்தால் மூடிக்கொண்டு தூங்கியது. மாதக்கணக்கில் தூங்கும். சில எழுந்திருக்கவே இல்லை. அந்தக் காலி ஓடுகளை மாவுப்பசையால் மூடி அலமாரியில் வைத்து, "தூங்குது" என்றார்கள். ஈரம் வந்துகொண்டிருந்தது.

இந்த ஏமாற்றைப் பிடிக்கத்தான் கஸ்பாரை நியமித்தார்கள். நத்தை ஆய்வாளன். ஆய்வாளர்கள் நத்தை வளர்க்கக் கூடாது, அவனும் வளர்க்கவில்லை. முப்பதைத் தாண்டிய வயது. மனைவி புளோரா காய்ச்சலில் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தான். அவன் கணிப்பு தவறியதில்லை என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். எந்த வீட்டில் "தூங்குது சார்" என்றாலும் அவன் கேட்பது ஒரே கேள்விதான்.

"எழுப்பிப் பாப்பமா?"

அன்று செண்பகவல்லியின் வீடு. காய்கறிக் கூடத்தில் தழை கழிப்பவள், தனியாள். வீட்டில் மூன்று நத்தைகள். ஒன்றை மேசைமேல் ஈரத்துணியில் கிடத்தியிருந்தாள்.

"இவரு பேரு துரை."

"துரையா?"

"ஆமா. போன வருசம் முட்டை போட்டாரு. அதுக்காகப் பேர மாத்த முடியுமா?"

நத்தையில் ஆண் பெண் தனித்தனியே கிடையாது என்பது செவ்வூரில் எல்லாருக்கும் தெரியும். கஸ்பார் சிரிக்கவில்லை. ஓட்டை முகர்ந்தான். கையில் ஏந்தி எடை பார்த்தான். தெளிப்புக் குப்பியிலிருந்து வெதுவெதுப்பான நீரைப் படலத்தின்மேல் அடித்துவிட்டுக் காத்திருந்தான். படலம் கரையவில்லை. உள்ளே எதுவும் அசையவும் இல்லை.

"மாவு இல்ல. அசல் படலம்தான். ஆனா உள்ள உயிரு இல்ல."

"தூங்குதாரு சார்."

"நாலு மாசமாவா?"

"எங்கப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு. தூக்கிட்டுப் போயிட்டமா என்ன?"

"ஊர்ல செத்தவங்க பேர ரேசன் கார்டுல வச்சே சீனி வாங்குன ஆளுங்கதான நாம," என்றான் கஸ்பார். "அங்க சீனி, இங்க ஈரம். எனக்குத் தெரியாதாக்கும்?"

"சீனிக்காக வச்சது பாதிப் பேரு. மீதிப் பேரு, ஆபீஸ் ஜன்னல்ல போயி 'செத்துட்டாரு'ன்னு வாயத் தொறந்து சொல்ல முடியாம விட்டது."

அவன் கொண்டுவந்திருந்த கூடையைத் திறந்தான். ஆய்வாளர் செத்ததென்று சொல்லிவிட்ட நத்தை ஓர் இரவு அவர் பொறுப்பில் இருக்கும். காலையில் உரியவர் முன்னிலையில் அரவைக்குப் போகும். ஓட்டுச் சுண்ணாம்பு மற்ற நத்தைகளுக்குத் தீனி.

"அரைக்கும்போது உசுரோட இருந்தா?"

"இருக்காது."

செண்பகவல்லி துரையைக் கூடைக்குள் அவளே வைத்தாள். துணியைச் சுற்றிலும் செருகினாள்.

"மத்த ரெண்டு எங்க?"

"உள்ள." அவள் குரல் இறங்கியது. "தூங்குது."

"நாளைக்கு வந்து எழுப்பிப் பாக்கேன்."

கஸ்பாரின் வீடு ஒற்றை அறை. மேசை நிறையக் கருவிகள். கட்டிலின் மறுபாதி காலியாக இருந்தது. கூடையை அங்கே வைத்துவிட்டுத் தன் பாதியில் படுத்தான்.

விடிவதற்கு முன்பே செண்பகவல்லி வந்துவிட்டாள். கையில் ஒரு கோஸ் இலை.

"அரவை வண்டி வர நேரமாகும்," என்றான்.

"ஆகட்டும். கடைசியா ஒருக்கா பாத்துக்கிடுதேன்." அவள் கூடையைத் திறந்தாள்.

அவன் தலையணைக்கு மேலிருந்த ஈரவாய் மூச்சுவிட்டது. பிறகு, கட்டிலின் மறுபாதிக்கு மேலே இருந்த வாயும் மூச்சுவிட்டது. அதில் யாரும் குழாய் செருகியிருக்கவில்லை. மூட்டம் மெல்ல இறங்கிக் கூடைமேல் படிந்தது.

கஸ்பார் தெளிப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு அவளருகே உட்கார்ந்தான். முதலில் கண்டவள் அவள்தான். படலத்தின் ஓரம் நெகிழ்ந்து ஒரு நுரைக்குமிழி வந்தது. படலம் விலகியது. ஒரு கொம்பு நீண்டது, நுனியில் கறுப்பாகக் கண். பிறகு இன்னொன்று. துரை கட்டிலின் காலிப் பாதியைச் சாவகாசமாகப் பார்த்தார்.

"எந்திரிச்சிட்டாரு! பாத்தீகளா சார், நான் சொன்னேம்லா!"

கஸ்பார் கையிலிருந்த குப்பியை மேசைமேல் வைத்தான். அவன் கணிப்பு தவறியது அதுவே முதல் தடவை.

செண்பகவல்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சுவரைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு நத்தை கெடையாதுல்லா?"

"கெடையாது."

"அப்போ அந்த ரெண்டாவது வாய் யாருக்கு?"

புளோராவின் அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். அது இருவருக்கும் தெரியும்.

கஸ்பார் மறுபாதித் தலையணையைப் பார்த்தான். உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"தூங்குறா," என்றான்.

அவன் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வியை அவள் இப்போது கேட்கலாம். குப்பியும் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கோஸ் இலையைத் துரையின் வாயருகே வைத்து, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தூங்கட்டும் சார்."

வாசலில் நின்று திரும்பினாள்.

"எங்க வீட்டுல உள்ள ரெண்டும் நல்லா அசந்து தூங்குது. இன்னைக்கு வாறீகளா?"

"எதுக்கு?" என்றான் கஸ்பார். "எழுப்ப வேண்டாம்."