மணி அடித்தும் திரும்பாதவர்

நிலாவின் ஏழாம் கூரைக் காலனியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், சனங்கள் மூச்சுப்பையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டு வேல்கனி அண்ணாச்சியின் பாருக்குள் நுழைந்துவிடுவார்கள். தெற்கத்திச் சாப்பாட்டுக்குப் பேர்போன இடம் அது. எடை குறைவான ஊர் என்பதால், வீசுகிற மாவு கூரையில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க பரோட்டா மேடைக்கு மேலே வலை கட்டியிருந்தார்கள். கரண்டியிலிருந்து சால்னா இறங்கித் தட்டில் சேரவே நேரமாகும். அதுவரை எல்லாரும் கண்திரையில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். விழிமேல் ஒட்டிக்கொள்ளும் சின்னத் தகடு அது, உலகமே அதற்குள்தான். சால்னா வந்து சேர்ந்த பிறகும் அதைத்தான் பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

அன்றைக்கு மூலை மேசையில் ராஜகனி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கதுரை நிலாவின் மறுபக்கத்துச் சுரங்கத்தில் எட்டு மாதம் வேலை செய்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தான். அந்தச் சுரங்கத்திலிருந்து திரும்புகிறவர்களில் சிலர் மனிதர்களே இல்லை என்று காலனி முழுக்கப் பேச்சு. செத்துப்போனவனின் தோலும் குரலும் நினைவும் கொண்ட இயந்திரங்களாம். நகலன்கள் என்று பெயர். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாதாம்.

"ஏட்டி, ஏன் சாப்பிடாம இருக்க? சுக்கா ஆறுது பாரு," என்றான் தங்கதுரை.

"சாப்பிடுதேன்."

"அந்த மேலதிகாரி பொம்பள இன்னும் உன்னை ஏசிக்கிட்டுதான் இருக்காளா? காலையில சொன்னியே."

ராஜகனி தட்டைத் தள்ளி வைத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் காலையில் சொன்னது சாயங்காலம்வரை இவன் காதில் தங்கியதே கிடையாது. தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் தின்கிறவன், இன்றைக்கு, "கசகசா நல்லா அரைச்சிருக்காங்க" என்கிறான். கண்திரையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வாயையே பார்க்கிறான். இது அவன் இல்லை. இதனோடு இரண்டு ராத்திரி ஒரே கூரைக்குக் கீழே படுத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டாள்.

மேசைக்கு அடியில் மணிக்கட்டுப் பட்டையைத் தடவி, சந்தேகக் குமிழை இரண்டு முறை அழுத்தினாள். செய்தி போய்விட்டது. இனி, மனிதன் யார் நகலன் எது என்று பிரித்துச் சொல்லும் பிரிப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

"என்னட்டி, பேயைப் பாக்குத மாதிரி பாக்க?"

"நீங்க இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல."

தங்கதுரை கையைத் துடைத்துக்கொண்டான். "அங்க சிக்னல் கிடையாது. கண்திரை வெறும் கண்ணாடிதான். மொத மாசம் கை நடுங்கிச்சு. அப்புறம் ஒருநாள் ராத்திரி உன் மூஞ்சிய நெனச்சுப் பார்த்தேன். வரல." அவன் குரல் இறங்கியது. "எவ்வளவோ முக்கிப் பார்த்துட்டேன். உன் குரல் வருது, வளையல் சத்தம் வருது, மூஞ்சி மட்டும் வரல. பதினோரு வருஷமா நிமிர்ந்து பார்த்திருந்தாதான வரும்? பயந்துட்டேன் கனி."

ராஜகனிக்குச் சட்டென்று உறைத்தது. நகலன்களுக்கு எதுவும் மறக்காது. அது இயந்திரம், ஒரு முறை பதிந்த முகம் அதற்கு அழியவே அழியாது. பெண்டாட்டி முகத்தையே மறக்கிறவன் என்றால் அவன் மனிதனாகத்தான் இருக்க முடியும். அதிலும் அவளுடைய புருஷனாகத்தான் இருக்க முடியும்.

கதவு திறந்தது. சாம்பல் சட்டை போட்ட இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். இருவரில் மூத்தவர் கையில் அணைகோல். பிடரியில் அதை வைத்தால் நகலன் நின்றுவிடும். மனிதனுக்கு வைத்தாலும் இதயம் நின்றுவிடும். போன மாதம் ஐந்தாம் கூரையில் அப்படி ஒருவருக்கு வைத்துவிட்டு, மனிதர்தான் என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வருத்தச் செய்தி அனுப்பினார்கள்.

"யாரும் எந்திரிக்க வேண்டாம். மணிச் சோதனைதான்," என்றார் மூத்தவர்.

அந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். கண்திரைகளில் ஒரே நேரத்தில் மணி அடிப்பார்கள். மனிதன் என்றால் எதிரே யார் இருந்தாலும் என்ன பேசினாலும் கண் தானாகத் திரைக்குத் திரும்பிவிடும். திரும்பாதது நகலன்.

"ஏங்க, கண்திரையப் போடுங்க."

"அது கெடக்கு. ஒங்க அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே."

"ஒங்க கால்ல விழுதேன், போடுங்க. என்னைப் பாக்காதீங்க. நான் என்ன சொன்னாலும் பாக்காதீங்க."

அவன் விழித்தான். அணைகோல்காரர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார். ராஜகனி எட்டி அவன் சட்டைப்பையிலிருந்து தகடுகளை எடுத்து, குழந்தைக்கு மருந்து விடுவதுபோல அவன் இமையை விரித்துத் தானே ஒட்டினாள். அவசரத்தில் நகம் பட்டு அவன் கண்ணில் நீர் வந்தது.

மணி அடித்தது.

பாரில் எல்லாத் தலைகளும் லேசாகச் சாய்ந்தன. தங்கதுரையின் பார்வை அவள் முகத்தில் ஒரு கணம் நின்றது. அணைகோலின் முனை அவன் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிறகு அவன் கருவிழி மெல்ல விலகியது. எட்டு மாதச் செய்திகள் அத்தனையும் மடை திறந்ததுபோல அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தன. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

மூத்தவர் குனிந்து பார்த்துவிட்டுக் கோலை இறக்கினார். "சுத்தமான மனுசன்தாம்மா. பயப்படாதீங்க."

அவர்கள் போனதும் ராஜகனி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டாங்க. கழட்டிருங்க."

"ம்."

"அம்மாவுக்கு வலி பரவாயில்லங்க. ஒங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"ஒரு நிமிசம்."

அண்ணாச்சி சூடான பரோட்டாவைக் கொண்டுவந்து வைத்தார். தங்கதுரையை ஒருமுறை பார்த்து முகம் மலர்ந்தார்.

"வந்ததுலருந்து எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம்தான் தாயி," என்றார். "இப்பதான் நம்ம பழைய தங்கதுரை மாதிரி இருக்கான்."