சிப்பி மண்டபமும் அழிந்த அம்புக்குறிகளும்

மூன்று மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும். அதற்குமேல் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் குகைவாயிலை ஒட்டிய தாழ்ந்த பாதை கூரைவரை நிரம்பிவிடும்.

மேகாலயாவின் அந்தச் சுண்ணாம்புக்கல் மலைக்குள் முதலில் தவழ்ந்து நுழைந்தவள் தெய்வானை. பின்னால் ரூபவதி, பர்வீன். மூவரும் திருச்சியில் நிலவியல் படிப்பவர்கள். முன்பு வந்த குழுக்கள் எல்லாம் உள்ளே ஒரு குறுகிய இடுக்கோடு திரும்பியிருந்தன. அதற்கு அப்பால் இருப்பதை நாங்கள் வரைந்து வருவோம் என்று கல்லூரியில் சவால் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வழிக்குறி போடும் வேலையை தெய்வானை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அரியலூர்க்காரி, அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. கல்லைப் பற்றி யார் பேசினாலும், தன் வீட்டு விஷயத்தை அந்நியர் பேசுவதுபோல் அவளுக்கு உறுத்தும். பாதை பிரியும் இடமெல்லாம் சுரங்கத்தில் செய்வதைப்போலச் சுண்ணாம்புக்கட்டியால் அம்பு போட்டாள்.

மூச்சை விட்டு, உடம்பை ஒடுக்கி இடுக்கைத் தாண்டினார்கள். அங்கே ஒரு மண்டபம்! சுவர் முழுக்கக் காசு காசாக வட்டச் சிப்பிகள். ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடல். செத்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, அழுந்திக் கல்லாகி, மலையாக எழுந்தன. பிறகு மண்ணில் ஊறிப் புளிப்பேறிய மழைநீர் அதே கல்லைக் கரைத்துக் கரைத்து இந்த மண்டபத்தைக் குடைந்தது.

"புதையல்தான்டி. கடையில மட்டும் செல்லாது" என்றாள் பர்வீன்.

ஒன்றையும் பெயர்க்காமல் அளந்து, வரைந்துகொண்டு திரும்பினார்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அம்பைக் காணோம். கூரை சொட்டிக்கொண்டிருந்தது. மணி இரண்டரை.

ரூபவதி அம்பு போட்டாயா என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கல் தெரியாதவள் என்பதைவிட மறதிக்காரி என்பது எவ்வளவோ மேல் என்று தெய்வானைக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குக் கூசியது.

"போட்டேன். கரைஞ்சிடுச்சு. எங்க சுரங்கம் வெயில்ல காயற பள்ளம், அங்க நிக்கும். இங்க சொட்டுமேன்னு யோசிக்கல. தப்பு என்னோடது."

"அரியலூர் மகாராணிக்குத் தண்ணின்னா என்னன்னு தெரியல" என்றாள் பர்வீன். திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தெய்வானை சுவரில் சாய்ந்தாள். உள்ளங்கையில் மீன் செதில்போல் சிறு குழிகள் பட்டன. எப்போதோ இங்கே ஓடிய ஓடை அரித்தவை. ஓடும் நீர், தான் வந்த பக்கம் குழியைச் செங்குத்தாகவும், போகும் பக்கம் சரிவாகவும் அரிக்கும். இன்றும் மழைநீர் உள்ளே பாய்வது குகைவாயில் வழியாகத்தான்; அந்த ஓடையும் அப்படித்தான் வந்திருக்கும். அப்படியென்றால், நடக்கும் திசையில் கையை ஓட்டும்போது எந்தப் பாதையில் விரல் தடுக்குகிறதோ, அதுதான் வாயிலுக்குப் போகும் வழி!

வலப்பாதையில் கை வழுக்கியது. இடப்பாதையில் தடுக்கியது. பர்வீனையும் ரூபவதியையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். இருவரும் இடப்பக்கத்தையே காட்டினார்கள். அதன்பிறகு ஒவ்வொரு பிரிவிலும் மூன்று கைகள் சுவரைத் தடவின.

தாழ்ந்த பாதையை எட்டியபோது தண்ணீர் இடுப்பளவு. குனிந்து, முகத்தை மட்டும் மேலே நீட்டி நீந்தி, கொட்டும் மழையில் வெளியே வந்து விழுந்தார்கள்.

அன்று மாலை வரைபடத்தில் மண்டபத்தைக் குறித்தபோது, சுண்ணாம்புக்கட்டி விஷயத்தை விட்டுவிடலாம் என்றாள் ரூபவதி. தெய்வானை பேனாவை வாங்கி, மண்டபத்தின் அளவுகளுக்குக் கீழே தானே எழுதினாள்: 'அம்புக்குறி அழியும். சுவரைத் தடவிப் பாருங்கள்.' அதனடியில், தலை நிமிர்ந்து, தன் முழுப்பெயரையும் ஊரையும் எழுதினாள்.