கொதிகலன் அறையில் ஐந்து பேர்

படிக்கட்டின் அடியில் பொலிக்ஸேனி கிடந்தாள்.

கழுத்து, இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கைப்பேசியைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் எவ்தோக்கியா பெருமூச்சு விட்டாள். இந்தக் குடியிருப்பின் நிர்வாகி பொலிக்ஸேனி. கிரேக்க நகரமான வோலோஸில் கொரோனா ஊரடங்கு தொடங்கிய இருபத்து மூன்று நாளில், யார் வெளியே போனார், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று காவல் நிலையத்துக்கு நாற்பது தடவை போன் செய்தவள். கொல்ல நினைக்காத அண்டை வீட்டார் இருந்தால்தான் ஆச்சரியம்.

கான்ஸ்டபிள் ஸ்டமாடிஸ் கதவு கதவாகத் தட்டினான்.

திறந்த ஐந்து பேரும் ஒரே பாட்டு. அரசாங்க எண்ணுக்குக் காரணம் சொல்லிச் செய்தி அனுப்பி, அனுமதி வாங்கி, உடற்பயிற்சிக்குப் போயிருந்தார்களாம். பல் டாக்டர் பளபளக்கும் தோல் ஷூவில் ஓடினாராம். நோட்டரி நாயை நடைக்குக் கூட்டிப் போனாராம். கையில் வார் இருந்தது... நாய் இல்லை.

எல்லோர் வாயிலும் ஒரே வாசனை. வறுத்த கணவாய். சோம்புச் சாராயம்.

எவ்தோக்கியா அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினாள். கட்டிடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறை. மேஜை, சீட்டுக்கட்டு, ஐந்து கிளாஸ்.

ஆறு நாற்காலி.

ஐந்து பேரும் ஒப்புக்கொண்டார்கள். தினமும் காலை பத்து மணிக்கு இங்கேதான் கூடுவார்களாம். பத்து நாற்பதுக்கு அலறல் கேட்டதாம். ஏதோ உருண்டு விழுந்ததாம்.

"ஏன் மேல போய்ப் பாக்கலை?"

பல் டாக்டர் தரையைப் பார்த்தார். "அஞ்சு பேரும் ஒண்ணா ஏறி வந்தா, எங்க கூடியிருந்தீங்கன்னு கேப்பீங்களே மேடம். தலைக்கு முந்நூறு யூரோ அபராதம்."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஆட்டத்தை முடிச்சோம்." கொஞ்சம் தயங்கி, "நான்தான் ஜெயிச்சேன்" என்றார்.

எவ்தோக்கியாவுக்கு அவரை அறையத் தோன்றியது. ஆறாவது நாற்காலி யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

நாலாவது மாடி யோர்தானிஸுடையதாம். ஒரு நாளும் தவறாமல் வருவாராம். இன்று மட்டும் வரவில்லையாம்.

யோர்தானிஸை ஊருக்கே தெரியும். தினமும் மாலை வானொலியில், 'வீட்டிலேயே இருங்கள், அன்புக்குரியவர்களைக் காப்பாற்றுங்கள்' என்று உருகும் குரல் அவருடையது.

முகக்கவசமும் கையுறையுமாகக் கதவைத் திறந்தவர், கேட்பதற்குள் கைப்பேசியை நீட்டினார். பத்தேகாலுக்குக் கடைக்குப் போக அனுமதி. பதினொன்று பத்துக்கு சூப்பர் மார்க்கெட் ரசீது.

"இவராவது ஒழுங்கா இருக்காரே மேடம்" என்று ஸ்டமாடிஸ் நெகிழ்ந்தான்.

எவ்தோக்கியா செய்திகளை மேலே தள்ளினாள். அதற்கு முன் ஒன்றுமில்லை.

"இருபத்து மூணு நாள்ல இந்த ஒரு செய்திதானா சார்?"

"பழசையெல்லாம் அழிச்சிட்டேன்."

"ஸ்டமாடிஸ், அந்தக் கடைப் பையைக் கொட்டு."

மக்ரோனி பாக்கெட்டுகளுக்கு அடியிலிருந்து பொலிக்ஸேனியின் கைப்பேசி சறுக்கி விழுந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

யோர்தானிஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீட்டு மேஜையில், கவசம் இல்லாமல், கிளாஸும் கையுமாக அவர் சிரிக்கிற படம் அதில் இருக்கிறதாம். பத்திரிகைக்கு அனுப்பப் போவதாக பொலிக்ஸேனி நேற்றே சொல்லிவிட்டாளாம்.

"போனைப் பிடுங்கத்தான் போனேன். தள்ளணும்னு நினைக்கவே இல்லை."

"பிடுங்க மட்டும் போறவரு, இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே சாட்சி தயார் பண்ண மாட்டார்."

யோர்தானிஸ் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

"கொன்ன கையோட இதைக் கடல்ல வீசியிருக்கலாமே?"

"போனேன். கடைக்கு அனுமதி வாங்கிட்டுக் கடற்கரைப் பக்கம் வரக்கூடாதுன்னு உங்காளுங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

"நீங்க உடனே திரும்பிட்டீங்களா?"

"சட்டமாச்சே" என்றார் யோர்தானிஸ்.

ஸ்டமாடிஸ் விலங்கை மாட்டினான். கீழே ஐந்து பேரும், இப்போதும் இடைவெளி விடாமல், ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எவ்தோக்கியா வாசலில் நின்று அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தக் கட்டிடத்துலயே உண்மையான காரணம் சொல்லி அனுமதி வாங்கி, சொன்னபடி கடைக்கும் போனது ஒரே ஒருத்தர்தான் ஸ்டமாடிஸ். அவரைத்தான் நாம கைது பண்றோம்."