மறுப்பில்லை

திங்கட்கிழமை நூலகக் குழுவில் மூன்றாவது தீர்மானத்தை வாசித்தபோது ஆவுடைச்செல்வியின் வயிற்றோரம் லேசாக ஏதோ அசைந்தது. அது தன் பசியா, மாணவர்களின் உணர்வா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் காத்திருந்தாள். அசைவு அடங்கிவிட்டது.

"மறுப்பில்லை" என்றாள்.

பதிவாளர் குருசாமிப்பாண்டியன் தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்.

அவள் பொருநைப் பல்கலைக்கழக மாணவர் பேரவையின் செயலாளர். இடது காதுக்குப் பின்னால் செவிவில்லை ஒட்டியிருந்தது. பதினோராயிரம் மாணவர்களும் மணிக்கட்டில் உணர்பட்டை கட்டியிருந்தார்கள். ஏதாவது ஒரு குழுவில் தீர்மானம் வந்தால் பட்டை அதிர்ந்து விஷயத்தை இரண்டு வரியில் காட்டும். படிப்பவரின் நாடித்துடிப்பையும் வியர்வையையும் தசை இறுக்கத்தையும் திரளுணர்வி என்ற இயந்திரம் சேகரித்து, சராசரி எடுத்து, செயலாளரின் உடம்புக்குள் அனுப்பும். மாணவர்களுக்குக் கோபம் என்றால் அவளுக்குக் கழுத்து சுடும். பயம் என்றால் விரல்கள் சில்லிடும். உடம்பில் வந்ததை அவள் சொன்னால் போதும். சொந்தக் கருத்துக்கு இடமில்லை.

இது மாணவர்களே போராடி வாங்கிய ஏற்பாடு. பழைய செயலாளர்கள் நிர்வாகத்தோடு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டு வெளியே வந்து வேறு கதை சொன்னார்கள். இனி எந்தச் செயலாளராலும் பொய் சொல்ல முடியாது. முதல் பருவத்தில் கட்டண உயர்வைப் படித்தபோது ஆவுடை மேசையை ஓங்கி அறைந்து எழுந்து நின்றாள். ஒருமுறை கலைவிழாவுக்கு அனுமதி கிடைத்ததும் நிதிக்குழுவின் நடுவில் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியெல்லாம் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தேர்வுக் குழு, மதியம் உணவகக் குழு. தேநீரில் ஏடு படிந்துகொண்டே இருந்தது. விடைத்தாளின் பக்கங்களைக் குறைப்பதற்கு மறுப்பில்லை. சாம்பாரில் காயைக் குறைப்பதற்கும் மறுப்பில்லை. மாலையில் அம்மா தொலைபேசியில் அழைத்து, அக்கா உண்டாகியிருக்கிறாள் என்றாள்.

"சந்தோஷம்மா" என்றாள் ஆவுடை. சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

புதன்கிழமை விடுதிக் குழுவில் முத்து இல்லத்தை மூடும் தீர்மானம் வந்தது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து படிக்கும் நூற்றுச் சொச்சம் பெண்கள் தங்கும் பழைய விடுதி அது. அதை இடித்து வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு விருந்தினர் மாளிகை கட்டப்போவதாகப் பதிவாளர் படித்தார். பெண்கள் ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகலாம் என்றும் படித்தார். ஆவுடையின் வகுப்புத்தோழி ரோஸ்லின் அங்கேதான் இருந்தாள். முதலாண்டில் காய்ச்சலில் கிடந்தபோது ஆவுடைக்குக் கஞ்சி வைத்துக்கொடுத்தவள்.

கண்ணை மூடிக் காத்திருந்தாள். நெஞ்சுக்கு நடுவே கடுகளவு கூசியது. பிறகு அதுவும் இல்லை.

"மறுப்பில்லை."

கட்டடத்தின் வாசலிலேயே ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி, நாங்க அத்தன பேரும் அழுதோம். உனக்கு வரவே இல்லியா?"

"வந்துச்சு ரோஸ். ரொம்பக் கொஞ்சமா."

"கொஞ்சமாவா? எங்க அப்பா பஸ்ல போய்ட்டு வரவெல்லாம் விடமாட்டாவ. வீட்டுலயே இருன்னுருவாவ. எனக்குப் படிப்பு அவ்வளவுதான். நீ எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, உனக்குன்னு ஒண்ணும் தோணலியா?"

ஆவுடை அவள் முகத்தைப் பார்த்தாள். தோன்றியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழம ஆட்சிக்குழு இருக்கு. அங்கதான் முடிவாகும். நான் பாக்கேன்" என்றாள்.

"என்னத்தப் பாப்ப?" என்று கேட்டுவிட்டு ரோஸ்லின் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஆவுடை திரளுணர்வி வைத்திருந்த அறைக்குப் போனாள். இயந்திரத்தைப் பராமரிக்கும் முபாரக் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நூறு பேர் அழுதா எனக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

"பதினோராயிரத்தால வகுத்தா எப்படித் தெரியும்? அது மட்டும் இல்லம்மா." திரையில் ஓடிய தட்டையான கோட்டைக் காட்டினார். "ஆரம்பத்துல இது குதிக்கும். நானே பயந்துருக்கேன். இப்ப குழாய் மாத்தணும்னாலும் பட்டை அதிருது, புல்லு வெட்டணும்னாலும் அதிருது. எல்லாத்தயும் எல்லார்ட்டயும் கேக்காங்க. ஒரு மனுசன் எத்தன தடவதான் துடிப்பான்?"

"முத்து இல்லத்த மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா?"

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டு விசைகளைத் தட்டினார்.

அடுத்த கணம் ஆவுடையின் அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி நெஞ்சை இறுக்கியது. யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு போவதுபோல இருந்தது. தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதாள். முபாரக் பதறி நிறுத்தினார். அதன்பிறகும் கொஞ்ச நேரம் அழுதாள். பல மாதங்களுக்குப் பின் உடம்பில் உயிர் இருப்பதுபோல இருந்தது.

"இத திருப்பி அனுப்ப முடியுமாண்ணே? எல்லாருக்கும்?"

"வழி இருக்கு. வில்லையப் பொருத்துறப்ப ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாப்போம், அப்புறம் மூடிருவோம். ஆனா அவங்கள ஒரு வார்த்த கேக்காம அவங்க உடம்புக்குள்ள அனுப்புறது சரியாம்மா?"

"கேட்டா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும்லா. மறுப்பில்லன்னுதான் வரும்."

முபாரக் திரையின் பக்கம் திரும்பி அந்த வழியைத் தேடத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை ஆட்சிக்குழுவில் முத்து இல்லத்தின் பெயர் வாசிக்கப்பட்ட நேரத்தில் முபாரக் மூடியிருந்த வழியைத் திறந்தார். அந்தப் பெண்களின் பயம் ஆவுடையின் வழியாகப் பதினோராயிரம் பேருக்கும் போனது. மைதானத்தில் பந்து வீச ஓடிவந்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். உணவகத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. வகுப்புகளில் பிள்ளைகள் ஏனென்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தனையும் திரண்டு ஆவுடையிடமே திரும்பி வந்தது. நாற்காலி பின்னால் சரிந்து விழ, எழுந்தாள்.

"மறுப்பு!" என்று கத்தினாள். "மறுப்பு! மறுப்பு!"

தீர்மானம் தோற்றது. வாசலில் ரோஸ்லின் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். "சாதிச்சிட்டியேட்டி!" என்றாள். ஆவுடை சிரித்தாள். அவ்வளவும் வடிந்த பின் உடம்பு முன்னைவிடக் காலியாக இருந்தது.

சனிக்கிழமை பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்தார்.

"நீங்க செஞ்சது விதிப்படி தப்பும்மா. விசாரணை வைக்கலாம். ஆனா நான் வைக்கப் போறதில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேதியியல் கூடத்துல ஒரு பையன் அந்த நேரத்துல அமிலத்தக் கையில கொட்டிக்கிட்டான். ஆஸ்பத்திரியில கெடக்கான். எதுக்கு அழுதோம்னு அவனுக்கு இன்னும் புரியல."

ஆவுடை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இயந்திரம் ரெண்டு பக்கமும் வேலை செய்யும்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் சும்மா விட முடியாதுல்ல? இப்படி ஆபத்து வராம இருக்கணும்னா, தீர்மானத்துக்கு முன்னாடி பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நிதானத்த அனுப்பலாம்னு ஆட்சிக்குழு சொல்லுது. யாரோட நிதானம்னு ஒரு கேள்வி வந்துச்சு. எல்லாரோட அளவீட்டயும் எடுத்துப் பாத்தோம். உங்களவிட அமைதியான உடம்பு இந்த வளாகத்துலயே இல்லம்மா."

அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே பாராட்டினார்.

"நீங்க செஞ்சதத்தான் நாங்களும் செய்யப் போறோம். உங்களுக்கு மறுப்பு ஏதும் உண்டா?"

ஆவுடை தனக்குள் தேடினாள். அந்தப் பையனுக்காக வருத்தம் இருக்க வேண்டிய இடத்திலும், இந்த மனிதர்மேல் கோபம் இருக்க வேண்டிய இடத்திலும் தேடினாள். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"இல்ல சார்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை முத்து இல்லம் திருத்திய தீர்மானமாக ஆட்சிக்குழுவுக்கே மறுபடி வந்தது. ஒரே ஒரு வார்த்தையைத்தான் திருத்தியிருந்தார்கள். முதலில் அவளுடைய அமைதி எல்லோருக்கும் போனது. பிறகு அவர்களுடையது அவளிடம் வந்தது. போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, கூட்டம் முடியுமுன்பே எழுந்து முத்து இல்லத்துக்கு ஓடினாள். ரோஸ்லின் தன்னைத் திட்ட வேண்டும், அடித்தால்கூட நல்லது என்று நினைத்துக்கொண்டே படியேறினாள்.

ரோஸ்லின் அறையில் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா ஏட்டி. சாப்ட்டியா?"

"ரோஸ், மறுபடியும் வந்துச்சு. நான் மறுப்பில்லன்னு சொல்லிட்டேன்."

"பாத்தேன், பட்டையில வந்துச்சு."

"உங்க அப்பா விடமாட்டாவன்னியே."

"ஆமா, விடமாட்டாவ. படிப்பு நின்னுரும்." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"உனக்குக் கோவம் வரலியா?"

ரோஸ்லின் கையிலிருந்த துணியை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அவள் முகத்தில் இருந்தது.

"வரலியேட்டி" என்றாள். பிறகு கட்டிலில் கிடந்த போர்வையை உதறி, ஒரு பக்கத்தை ஆவுடையிடம் நீட்டினாள். "இந்த முனையப் பிடி. மடிக்கணும்."

ஆவுடை பிடித்துக்கொண்டாள்.