சூலத்தடி சிக்னல்

என் பிள்ளையின் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பெற்றவள் வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா இது?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரியந்தி இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள். மடியில் சின்னவள் லோஜினி. கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, அக்கா எப்பிடி இருப்பா?"

"ஒன்னயப் போலதான்."

சொல்லிவிட்டாளே தவிர, அது உண்மையா என்று பிரியந்திக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டில் அவள் வேலை செய்த வீட்டில் கைப்பேசி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் எஜமானி தன் போனைக் கொஞ்ச நேரம் கொடுப்பாள். மூத்தவள் தனுஷிகா பெரிய பிள்ளையானது அந்தக் கையகலத் திரைக்குள்தான். போன அடைமழையில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மேல் விழுந்தபோது கணவன் கணேசமூர்த்தியும் தனுவும் மண்ணுக்குள் போனார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களும் அவர்களோடு போயின. கைக்குழந்தையிலிருந்தே ராகலையில் சித்தி வீட்டில் வளர்ந்ததால் லோஜினி தப்பினாள். செய்தி கேட்டு பிரியந்தி வந்து சேர்வதற்குள் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. மூர்த்தியை எடுத்துவிட்டார்கள். தனுவை எடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தாள். வகுப்புப் படம் ஒன்று இருந்தது. அதில் அந்தப் பிள்ளை செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருந்தது.

கும்பிடுவதற்கு ஒரு முகம் இல்லை. அழுவதற்கும் இல்லை. ராத்திரியில் கண்ணை மூடினால் இரட்டைச் சடை வருகிறது, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை வருகிறது, நடுவில் மட்டும் வெறும் புகை.

அப்போதுதான் பைஸர் நானாவின் கடையில் தனுவின் பழைய லெப்டொப் இருக்கிறது என்று பஸ் கொண்டக்டர் மூலம் சேதி வந்தது. மழைக்கு முன்பு மூர்த்தி திருத்தக் கொடுத்ததாம். அந்த வீட்டிலிருந்து மிஞ்சிய ஒரே பொருள்.

கடை மாடியில் இருந்தது. பின் ஜன்னலைத் திறந்தால் நீர்த்தேக்கம். அதற்கு அந்தப் பக்கம் அவர்களுடைய மலை, தோலை உரித்துப் போட்டதுபோலச் சிவப்பாகக் கிடந்தது. பிரியந்தி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மன்னிச்சிக்கங்க தங்கச்சி, இவ்வளவு நாளா இழுத்துட்டேன்" என்றார் பைஸர். "வயசான மெஷின். அப்டேட் ஒண்ணு ஓடி பாதியில நிண்டு, எல்லா ட்ரைவர் சொஃப்ட்வெயரும் போயிட்டு. படம் தெளிவில்ல, சத்தம் இல்ல, வைஃபை இல்ல. நெட் வேல செய்ய ட்ரைவர் வேணும், ட்ரைவர் எறக்க நெட் வேணும். மூணு தரம் தூக்கி ஆத்துல போடப் பாத்தேன்."

"படம் இருக்கா நானா?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். தனு மெஷினையே தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். 'அம்மாவுக்கு' என்று ஒரு கோப்புறை. அதற்குள் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மங்கலான நிறத்திட்டு, மூலையில் மேகம்போல ஒரு குறி.

"இந்த மேகம் தெரியுதா? அப்பிடின்னா படம் மெஷின்ல இல்ல, நெட்ல இருக்கு. எடம் பத்தாதுன்னு புள்ள அங்க ஏத்தி வச்சிருக்கு. கெட்டிக்காரி. நெட் வந்துட்டா எல்லாம் தானா எறங்கும்."

நெட் வந்துவிட்டால். பிரியந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேறு மெஷினில் எடுத்து வைத்திருந்த வைஃபை ட்ரைவரை பைஸர் பென் ட்ரைவ் ஒன்றிலிருந்து ஏற்றத் தொடங்கினார். பச்சைக் கோடு ஒன்று எறும்புபோல நகர்ந்தது.

"நம்ம ரோட்டு வேல மாதிரிதான், ஆடி அசஞ்சிதான் வரும். நான் அஸர் தொழுதுட்டு ஓடி வந்துர்றேன். முடிஞ்சோன்ன கடை வைஃபை பேர் காட்டும். நான் வந்து பாஸ்வேர்ட் போடுறேன், நீங்க ஒண்ணுந் தொடாதீங்க."

"பேசினதெல்லாம் இருக்குமா? அவ கொரலு?"

"இருக்கும். ஆனா சத்தத்துக்கு வேற ட்ரைவர். அது நாளைக்கி. இன்னைக்கி ஊமைப் படந்தான் தங்கச்சி."

படிகளில் அவர் செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது.

பகல்தான். ஆனாலும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைக்கு மேசை உட்கார்ந்தது. உருகிய ஈயத்தின் வாடை, நனைந்த கம்பளி வாடை. லோஜினி தரையில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட கீபோர்டுப் பொத்தான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே பஜாரில் யாரோ மீன் விலை கூவினார்கள். பிரியந்தி பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை காட்டிவிடு.

கோடு நிறைந்தது.

திரையின் மூலையில் பெயர்ப்பட்டியல் விரிந்தது. கடையின் பெயர் அதில் இல்லை. இருந்தது ஒரே ஒரு பெயர்.

முனியாண்டி.

லயத்தில் எந்த வீட்டிலும் சிக்னல் கிடையாது. மேல் மேட்டில், முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் நட்ட சூலத்தருகில் மட்டும் கிடைக்கும். ஒரு போனை நனையாமல் பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கில் சுற்றிச் சூலத்தில் தொங்கவிட்டு ஹொட்ஸ்பொட்டைப் போட்டுவிட்டால், கீழே மொத்த லயத்துப் பிள்ளைகளும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி படிக்கலாம். மூர்த்திதான் அந்த வழியைக் கண்டுபிடித்தான். சாமி கொடுக்கிற நெட் என்று அதற்கு அந்தப் பெயரை வைத்ததும் அவன்தான்.

மலை வெடித்த அன்று தொழிற்சாலைப் பக்கம் ஓடியவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள், மூர்த்தியும் தனுவும்கூட, உதவிக்கு யாரையாவது கூப்பிட வேண்டும் என்று, சிக்னல் இருக்கிற இடத்துக்கு ஓடினார்கள். போனைத் தூக்கிப் பிடித்தபடி சூலத்தடியில் கூடி நின்றார்கள். முதலில் சரிந்தது அந்த மேடுதான்.

அந்தப் போன் இப்போது மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம்.

அவள் எதையும் தொடவில்லை. பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல மெஷின் தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டது.

இணைக்கப்பட்டது.

மேகக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதல் படம் திரை முழுக்க விரிந்து, மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத் தெளியத் தொடங்கியது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய வகிடு. நெற்றி. திருநீறு கொஞ்சம் கோணலாக. புருவம். பிரியந்தி மூச்சை அடக்கிக்கொண்டு திரையோடு ஒட்டிப்போனாள். ஆமாம், இந்தப் புருவம்தான். எப்படி மறந்தேன்?

அப்போது கரண்ட் போனது.

கடைக்குள் இருண்டது. பஜாரின் வெளிச்சங்கள் பனிக்குள் அணைந்தன. லெப்டொப்பின் பெட்டரி செத்து எவ்வளவோ காலமாகிறது என்று மூர்த்தி சொல்லியிருக்கிறான். வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும்.

அது அணையவில்லை.

சத்தம் வந்தது. ட்ரைவர் போடாத ஒலிபெருக்கியிலிருந்து, தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்.

மேசையில் ஈர மண் வாடை அடித்தது.

"அம்மா, கேக்குதா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேச்சு இப்படித்தான் தொடங்கும். பிரியந்தியின் உதடு தானாக அசைந்தது.

"கேக்குது."

"ஒங்க மொகந் தெரியலம்மா."

"எனக்கும் தெரியல சாமி. நீ எங்கடி இருக்க?"

"இங்கதான். எல்லாரும் இங்கதான் இருக்கோம். அப்பா போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கிறாரு. கை வலிக்குதாம்."

மழைக்குப் பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து நிற்பது கேட்டது. இருமல். யாரோ ஒரு பெண், "பேசு, கட்டாகிறப் போவுது" என்று அவசரப்படுத்தினாள். இன்னொரு குரல், "ரெண்டு பேரயும் கேளு" என்றது.

"அம்மா, இங்க சிக்னல் நல்லா இருக்கு. லோஜினியக் காட்டுங்க."

படத்துக்கு மேலே ஒரு பெட்டி திறந்தது. முனியாண்டி வலையமைப்பில் உள்ள மற்றவர்கள் உங்களைக் காண அனுமதிக்கிறீர்களா? ஆம். இல்லை. பெட்டிக்குப் பின்னால் தனுவின் முகம் கண் வரையில் இறங்கி நின்றுபோயிருந்தது. கண் இன்னும் தெளியவில்லை.

"ஆம்னு அமுக்குங்கம்மா. படம் வந்துரும்."

தரையிலிருந்து லோஜினி எழுந்து நின்றாள். "அக்காவா?"

பிரியந்தியின் விரல் 'ஆம்' என்பதை நோக்கிப் போனது. போனதை அவளே பார்த்தாள். அந்த நொடியில் அவளுக்குப் பயமில்லை, கேள்வியும் இல்லை. அரை வயிற்றுப் பசிக்காரி சோற்றைப் பார்ப்பதுபோல அந்தப் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்க வாங்கம்மா என்று மட்டும் கேட்டிருந்தால் அப்போதே எழுந்து போயிருப்பாள். பிள்ளையைச் சித்தியிடம் விட்டுவிட்டு, மண்ணென்றும் பாராமல், போயிருப்பாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஆனால் அவளைக் கேட்கவில்லையே.

"லோஜினிய மொதல்ல காட்டுங்க. இங்க எல்லாரும் பாக்கணும்னு நிக்கிறாங்க."

கேமராவின் மேல் சின்னச் சிவப்பு வெளிச்சம் விழித்தது.

பிரியந்தி ஒரு கையால் லோஜினியை இழுத்து, முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். சுவெட்டருக்குள் பிள்ளையின் மூச்சு சூடாக இருந்தது. மறுகையால் 'இல்லை' என்பதை அழுத்தினாள்.

பெட்டி மறைந்தது. மழை நிற்கவில்லை.

மூலையில் சிக்னல் கோடுகள் ஒன்றுகூடக் குறையாமல் நின்றன.

"அம்மா." குரல் இப்போது மிக அருகில், காதுக்குள் கேட்டது. "நான் ஒங்க புள்ள இல்லையா?"

"புள்ளதான் சாமி" என்றாள் அவள். "ஆனா இவ என்கிட்டயே இருக்கட்டும்."

பிறகு பெட்டி மறுபடியும் திறந்தது. அதே கேள்வி. இந்தத் தடவை அதற்குப் பின்னால் படம் மெல்ல இறங்கத் தொடங்கியது. கண் தெளிந்துகொண்டு வந்தது.

பிரியந்தி தன் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் 'இல்லை'யின் மேலேயே இருந்தது. இன்னொரு முறை அழுத்தினாள்.