அழிக்க மறந்த திரை

“சத்தியமா நான் பிரிச்சே பார்க்கலைங்க. அப்படியே பத்திரமா கொண்டாந்திருக்கேன்.”

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முகமது பாரூக் பாயின் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த சட்டையோடு நின்றவன் நீட்டிய கவரை மலர்விழி வாங்கினாள். முந்தின நாள் கரண்ட் போன இருட்டில், பாய் இரண்டு பேருடைய கவரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். இவள் கேட்டிருந்த, எழுத்து காட்டும் சின்னத் திரை அவனிடம்; அவன் கேட்டிருந்த, மண் ஈரம் பார்க்கும் சென்சார் இவளிடம்.

கவரைப் பிரித்து, உள்ளங்கை அகலத் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“நீங்கதான் பிராங்க்ளினா?”

“ஆமாங்க… பாய் சொன்னாரா?”

“பாய் சொல்லலை. இது சொல்லுது.”

திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில்… ‘பிராங்க்ளின் கெத்து!’

ஐயோ பாவம்! அது இ-பேப்பர் திரை. எழுத்து மாறும்போது மட்டும்தான் கரண்ட் குடிக்கும். அப்புறம் செல்லைக் கழற்றினாலும் எழுதியது எழுதியபடியே நிற்கும். புதுச் சாமானைக் கண்ட ஆசையில் போட்டுப் பார்த்தவன், ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் போய்விடும் என்று நம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கவருக்குள் தள்ளியிருக்கிறான்.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிராங்க்ளினின் காது வரைக்கும் சிவந்தது.

மலர்விழிக்குக் கோபம்தான். ஆனால் கண் மறுபடியும் திரைக்கே போனது. “கெ-வுக்குக் கொம்பு சரியா விழுந்திருக்கே… நான் லேப்ல போட்டா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்ல நிக்கும். எப்படிங்க செஞ்சீங்க?”

“எழுத்தா அனுப்பாதீங்க. படமா அனுப்புங்க.” பிறகு மெல்ல, “பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க…”

“பொய் சொல்றவங்களை எனக்கு ஆகவே ஆகாது” என்றாள். ஆனால் மழை விடும்வரை கடையிலேயே நின்றாள்… குடை பைக்குள்தான் இருந்தது!

அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேருக்கும் பாய் கடையில் ஏதாவது வாங்க வேண்டியிருந்தது. அவன் எரியோட்டுக்காரன், நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். வீட்டு முருங்கைத் தோட்டத்தில் சென்சார் நட்டிருந்தான். அவள் கன்னிவாடிக்காரி, பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வக உதவியாளர். தோப்பு மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்கவே அவள் அப்பா அருளப்பன் ஓயாமல் தோப்புக்கு நடப்பார். அவருக்காகத்தான் அந்தத் திரை. கரண்ட் வந்தால் வீட்டிலேயே காட்டும்.

“நாலு நாள்ல சென்சார் செல்லு தீர்ந்துருதுங்க” என்று அவன் ஒருநாள் புலம்பினான்.

அவள் சென்சார் மாட்டிய போர்டை வாங்கிப் பார்த்தாள். “இந்தச் சிவப்பு விளக்கு எதுக்கு விடிய விடிய எரியுது? யாரு பார்க்க… முருங்கைக்காயா? இதைப் பிடுங்கிப் போடுங்க. போர்டையும் தூங்க வைங்க. செத்த நேரம் முழிச்சுப் பார்த்தாப் போதும்.”

“எனக்கே இப்ப தூக்கம் வரல… அதுக்கு எப்படி வரும்?”

அவள் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான். அந்தக் கண்கள் இருக்கிறதே… குனிந்தாலும் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘கரண்ட் வந்திருச்சு’ என்று அழகாக எழுதித் தரச்சொல்லி, திரையை அவனிடமே கொடுத்து வைத்தாள். அடுத்த சனிக்கிழமை வந்தவளின் முகத்தில் சிரிப்பில்லை.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மணப்பாறையில இருந்து பொண்ணு பார்க்க வாராங்க.”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். சொல்லேன்டா… ஒரு வார்த்தை!

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவள் மறுத்துவிட்டால் இந்தச் சனிக்கிழமையும் இல்லாமல் போகுமே… கடைசியில், “நல்ல இடம்னா… நல்லதுதானே” என்றான்.

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

“சரி. என் திரையைக் கொண்டாந்து கொடுத்திருங்க.” விறுவிறுவென்று நடந்துவிட்டாள். பாய் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தூறல். ஸ்டாண்டில் நின்ற கன்னிவாடி பஸ்ஸில் மலர்விழி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு கவரை ஜன்னல் வழியே நீட்டினான். அவள் முகம் கொடுக்காமல் வாங்கினாள், பிரித்தாள்.

‘நல்லதுதானேன்னு சொன்னது பொய். மலர்விழியை எனக்குப் பிடிச்சிருக்கு.’

அவளுக்கு எழுத்து கலங்கியது… திரையில் இல்லை, கண்ணில்.

“இந்தத் தடவையும்… அழிக்க மறந்துட்டீங்களா?”

“மறக்கலைங்க.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நனைந்தபடி அவன் அங்கேயே நின்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அருளப்பன் கேட்டார், “கொண்டாந்துட்டியாம்மா? கரண்ட் வந்தா இதுல காட்டுமா?”

“கரண்ட் இருக்கட்டும்ப்பா… முதல்ல இதைப் படிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“யாரு… நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே, அந்தக் கெத்துப் பயலா?”

தலையாட்டினாள்.

“அவனுக்குப் பிடிச்சிருக்கு, சரி. உனக்கு?”

“எனக்கும்ப்பா.” சொன்னதும் அழுகையே வந்துவிட்டது.

அருளப்பன் திரையை அவள் கையில் கொடுத்தார். “மணப்பாறைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை அந்தப் பையனைப் பெத்தவங்களோட வரச் சொல்லு. பார்ப்போம்.”

பிராங்க்ளினுக்குப் போனில் தட்டினாள்.

‘ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவோட வீட்டுக்கு வாங்க. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு… கெத்தா வாங்க!’